குழி இருக்கிறது, காய் இருக்கிறது, விதி எங்கே?

போன பள்ளி விடுமுறைக்கு என் தம்பி மகன் பினாங்கின் ஆயர் ஈத்தாமில் உள்ள எங்கள் ஃபிளாட்டில் வந்து தங்கியிருந்தான். ஒன்பது வயது. முதல் இரண்டு நாளிலேயே என் அம்மாவிடம் பல்லாங்குழி பழகிக்கொண்டான். மூன்றாம் நாள் எதிர்வீட்டு மக்சிக்கோடு (மலாயில் அத்தை) பல்லாங்குழி போன்ற மலாய் ஆட்டமான சொங்காக் ஆடிவிட்டு வந்தான். வந்ததும் சண்டை.

“பாட்டி, சுத்தி வரும்போது வீட்டுல ஒரு காய் போடணும். நீங்க போடவே இல்ல. ஏமாத்துறீங்க.”

“இந்தப் பலகையில வீடே கிடையாதுடா ராசா. எங்கம்மா தோட்டத்துல எனக்கு இப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க.”

“அவங்களுக்கு யாரு சொன்னா?”

“அவங்க அம்மா.”

“அவங்களுக்கு?”

அம்மா என்னைப் பார்த்தார். பழைய ஆட்டங்களைப் பற்றி எங்கே எது கிடைத்தாலும் எடுத்துவைத்துப் படிப்பவள் நான். அன்று இரவு அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். பழங்கால மக்கள் என்ன விளையாடினார்கள் என்று முதன்முதலாகத் தெரிந்துகொள்ள விரும்பும் யாருக்கும் இது உதவும்.

ஓர் ஆட்டத்தில் மூன்று சங்கதி உண்டு: காய், களம், விதி. காய் என்று நான் சொல்வதில் பந்து, பகடை, சில்லு, சோழி எல்லாம் அடக்கம். களம் பலகையாக இருக்கலாம், தரையில் கிழித்த கோடாக இருக்கலாம், ஓடும் திடலாகவும் இருக்கலாம். இவை இரண்டும் கண்ணுக்குத் தெரிகிற பொருள்கள். மண்ணுக்குள் புதைந்தாலும் ஒருநாள் தோண்டி எடுத்துவிடலாம். விதி அப்படி இல்லை. அது ஆடுகிறவர்களின் வாயிலும் கையிலும் இருக்கிறது. கடைசியாக ஆடத் தெரிந்தவர் யாருக்கும் சொல்லிக்கொடுக்காமல் கண்ணை மூடிவிட்டால் அதோடு போயிற்று. ஆகவே அகழாய்வில் கிடைப்பதெல்லாம் பாதி ஆட்டம்தான். மறுபாதியை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பதுதான் இந்தத் துறையின் உயிர்.

‘உலகத்திலேயே பழமையான விளையாட்டு எங்களுடையது’ என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளையும் இதை வைத்தே எடைபோடலாம். என்ன பொருள் கிடைத்தது, எந்த இடத்தில், எந்தக் காலத்தது, அதை இப்படித்தான் ஆடினார்கள் என்பது எப்படித் தெரிந்தது? இந்த நான்கையும் கேட்டுப் பாருங்கள். நான்காவது கேள்விக்கு அந்தச் செய்திகளில் பதில் இருக்காது. இல்லாத பழமையைச் சொல்லிக்கொள்ளும் தேவை நமக்குக் கிடையாது. இருக்கிற பழமையே அவ்வளவு அழகாக இருக்கிறது.

கீழடியையே எடுத்துக்கொள்வோம். சுட்ட மண்ணால் செய்த ஆட்டக்காய்களும் வட்டச் சில்லுகளும் அங்கே நிறையக் கிடைத்திருக்கின்றன. தந்தத்தில் செதுக்கிய பகடையும் கிடைத்தது. உடைந்த பானை ஓட்டை எடுத்து விளிம்பைத் தேய்த்து வட்டமாக்கியிருக்கிறார்கள். நொண்டியடித்து ஆடும் பாண்டியாட்டத்துக்குச் செய்த சில்லு என்று ஒருவர் சொல்லலாம். எடை போடுவதற்கு என்று இன்னொருவர் சொல்லலாம். சில்லு வாய் திறந்து பேசாது. அதற்காகப் பேச வேறு யாராவது வேண்டும்.

தமிழுக்கு இங்கே ஒரு பெரிய கொடுப்பினை இருக்கிறது. நற்றிணையின் மூன்றாம் பாடலில் இளங்கீரனார் ஒரு வேப்பமரத்தைக் காட்டுகிறார். உச்சிக் கிளையில் முட்டையிட்ட பருந்து. கீழே புள்ளி புள்ளியாக விழும் நிழல். அந்த நிழலில்,

“கட்டளை அன்ன வட்டரங்கு இழைத்துக்
கல்லாச் சிறாஅர் நெல்லி வட்டாடும்.”

பொன்னை உரசிப் பார்க்கும் உரைகல்லைப் போலத் தரையில் அரங்கு வரைந்து, எழுத்தறியாத சிறுவர்கள் நெல்லிக்காயை வட்டாக வைத்து ஆடுகிறார்கள். காயும் இருக்கிறது, களமும் இருக்கிறது. பொருள்தேடப் போகும் ஒருவன் பாலை வழியில் பார்க்கும் காட்சி இது. போகிற போக்கில் சொன்ன இரண்டு வரிதான். ஆனால் நெல்லிக்காய் உருண்டுபோகும் சத்தம் எனக்குக் கேட்கிறது.

திருவள்ளுவருக்கும் இந்த ஆட்டம் நன்றாகத் தெரியும். “அரங்கின்றி வட்டாடி யற்றே நிரம்பிய நூலின்றிக் கோட்டி கொளல்” என்பது 401ஆம் குறள். படிக்காமல் அவையில் பேசப்போவது, கட்டம் வரையாமல் வட்டாடுவதைப் போன்றது. வட்டாட்டம் என்றால் என்ன என்று அவர் விளக்கவில்லை. படிப்பவர் எல்லாருக்கும் தெரிந்த ஒன்றைத்தானே உவமையாகச் சொல்ல முடியும்? பல நூற்றாண்டு கழித்துப் பரிமேலழகர் உரை எழுதும்போது அந்த நிலைமை இல்லை. வட்டாடல் என்றால் உண்டை உருட்டல் என்று அவர் பொருள் சொல்லவேண்டியிருக்கிறது. சொல்லிவிட்டு அதற்குச் சான்றாக எதைக் காட்டுகிறார் தெரியுமா? நான் மேலே கொடுத்த அதே நற்றிணை வரிகளை. மறைந்துபோன ஆட்டத்தைப் பழைய பாட்டை வைத்து மீட்டெடுக்கும் வேலையை நம் உரையாசிரியர் அப்போதே செய்திருக்கிறார். முதன்முதலில் அந்த உரையைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

எத்தனை கட்டம், யார் முதலில் உருட்டுவது, எப்படி வெல்வது என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை.

வேறு சில ஆட்டங்களில் பாட்டு இன்னும் அதிகம் பேசுகிறது. புறநானூற்றின் 80ஆம் பாடலில் சாத்தந்தையார், ஆமூர் மல்லனைக் கோப்பெருநற்கிள்ளி வீழ்த்திய மற்போரை நேரில் நின்று பார்ப்பதுபோல் சொல்கிறார். ஒரு கால் எதிரியின் மார்பில், இன்னொரு கால் அவன் முதுகுப் பக்கம். பசித்த யானை மூங்கிலை வளைப்பதுபோல் தலையும் காலும் ஒடிய மோதினான் என்கிறார். ஒரு பிடியின் விவரம் அப்படியே நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துக் கடற்கரை மணலில் மீனவர்கள் கைகலந்து பொருதுவதைக் காட்டுகிறது. அதே பாட்டில்தான் அந்தத் துறைமுகத்துக்கு வந்து இறங்கிய சரக்குகளில் ‘காழகத்து ஆக்க’மும் சொல்லப்படுகிறது. காழகம் என்பது கடாரம் என்று உரைகாரர்கள் எழுதினார்கள். பட்டர்வொர்த்துக்கு ஃபெர்ரியில் போகும்போது வானம் தெளிந்திருந்தால் வடக்கே கெடாவின் ஜெராய் மலை தெரியும். அதன் அடிவாரம்தான் அந்தக் கடாரம். பினாங்கிலிருந்து இந்தப் பாட்டைப் படிக்கும்போது ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த மலை நினைவுக்கு வரும்.

காளை விஷயத்தில் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். மொகஞ்சதாரோ முத்திரை ஒன்றில் காளை மனிதர்களைத் தூக்கி எறிகிறது. கிரீட் தீவின் நாசஸ் அரண்மனைச் சுவரில், கி.மு. 1450ஐ ஒட்டி வரைந்த ஓவியத்தில், ஒருவர் காளையின் முதுகுமேல் குட்டிக்கரணம் போடுகிறார். கலித்தொகையின் முல்லைக்கலியில் ஆயர் இளைஞர்கள் ஏறு தழுவுகிறார்கள். மூன்றும் ஒன்றே என்று சொல்ல ஆசையாக இருக்கும். ஆனால் படம் ஒரு நொடியை மட்டும் காட்டும். ஏன் காளையிடம் போகிறார்கள், எதைச் செய்தால் வெற்றி என்பதை அது சொல்லாது. கலித்தொகை சொல்கிறது: “கொல்லேற்றுக் கோடஞ்சு வானை மறுமையும் புல்லாளே ஆய மகள்.” கொம்புக்கு அஞ்சுகிறவனை ஆயர் மகள் மறுபிறவியிலும் தழுவமாட்டாள். அங்கே வெற்றி என்றால் என்ன என்று தெரிந்துவிட்டது. நாசஸ் சுவரில் தெரியவில்லை.

இனி, விதி எழுத்திலேயே கிடைத்த ஓர் அதிசயம்.

1920களில் லியோனார்ட் வூலி இன்றைய ஈராக்கில் ஊர் என்ற பண்டைய நகரத்தைத் தோண்டினார். ஊர் என்பதே அதன் பெயர். அரசக் கல்லறைகளில் சிப்பியும் சிவப்புக் கல்லும் நீலக்கல்லும் பதித்த ஆட்டப்பலகைகள் கிடைத்தன. சுமார் 4600 ஆண்டுப் பழமை. 20 கட்டங்கள், அவற்றில் ஐந்தில் பூ வடிவம். ஆளுக்கு ஏழு காய். நான்கு முனை கொண்ட, கூம்பு போன்ற பகடைகள். காயும் களமும் முழுசாக வந்துவிட்டன. எப்படி ஆடுவது என்பதுதான் இல்லை.

லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் நீண்டகாலமாக ஒரு பாபிலோனியக் களிமண் பலகை கிடந்தது. 1980களில் அங்கே பணியாற்றிய இர்விங் ஃபிங்கெல் அதில் உள்ள ஆப்பெழுத்தைப் படித்தார். இட்டி-மர்துக்-பலாட்டு என்ற எழுத்தர் கி.மு. 177ஐ ஒட்டி எழுதியது. படிக்கப் படிக்க அது 20 கட்ட ஆட்டத்தின் விளக்கம் என்று புரிந்தது. காய்களுக்குப் பறவைகளின் பெயர். எந்தக் கட்டத்தில் நின்றால் என்ன பலன் என்ற குறிப்பு. பூக்கட்டங்களுக்குத் தனி மதிப்பு. தாயத்தில் வெட்ட முடியாத கட்டத்தை ‘மலை’ என்கிறோமே, அதைப்போல் அந்தப் பூக்கட்டங்களில் தங்கும் காய்க்குப் பாதுகாப்பு உண்டு என்று இன்று ஆடுகிறார்கள்.

இங்கே நின்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கல்லறைப் பலகைக்கும் களிமண் எழுத்துக்கும் நடுவில் சுமார் 2400 ஆண்டு. நற்றிணைச் சிறுவர்களுக்கும் நமக்கும் உள்ள இடைவெளியைவிட அதிகம். அவ்வளவு காலத்தில் ஓர் ஆட்டம் மாறாமல் இருக்குமா? நம் ஃபிளாட்டில் ஒரு தாழ்வாரத்தைக் கடப்பதற்குள் பல்லாங்குழி மாறிவிடுகிறது! ஆகவே இன்று கடைகளில் விற்கும் ‘ஊர் ஆட்ட’த்தின் விதிகள், பிற்கால எழுத்தை முற்காலப் பலகைமேல் பொருத்திப் பார்த்து அறிஞர்கள் கட்டியெழுப்பியவை. நேர்மையான, கடினமான வேலை. ஆனாலும் அது கட்டியெழுப்பியது என்பதை மறக்கக்கூடாது.

அந்த ஆட்டம் ராஜாக்களோடு நின்றுவிடவில்லை என்பதற்கும் சான்று உண்டு. அசீரிய மன்னன் இரண்டாம் சார்கோனின் அரண்மனை வாசலில், மனித முகமும் சிறகும் கொண்ட பிரம்மாண்டமான காளைச் சிலை நின்றது. அதன் பீடத்தில் யாரோ இதே 20 கட்டத்தைக் கீறியிருக்கிறார்கள். காவல்காரர்கள்தான் இருக்கவேண்டும். இரவுக் காவலில் பொழுது போகவேண்டுமே. இன்னொன்றும் சொல்லவேண்டும். கொச்சியில் வாழ்ந்த யூதக் குடும்பங்கள் 20 கட்டப் பலகையில் ஓர் ஆட்டத்தை இருபதாம் நூற்றாண்டு வரை ஆடிவந்தார்கள். ஊர் ஆட்டத்தின் வழி அது வந்திருக்கவேண்டும் என்று ஃபிங்கெல் கருதுகிறார்.

எகிப்தின் செனெட் ஆட்டத்துக்கு இப்படி ஒரு களிமண் பலகை வாய்க்கவில்லை. மூன்று வரிசை, 30 கட்டம். துட்டன்காமன் கல்லறையிலும் பலகைகள் இருந்தன. அரசி நெஃபர்டாரி அமர்ந்து ஆடும் ஓவியம் அவள் கல்லறைச் சுவரில் இருக்கிறது. இறந்தவரின் ஆன்மா மறுஉலகம் போகும் பயணத்தோடு பிற்காலத்தில் அதை இணைத்துப் பார்த்தார்கள் என்றும் தெரியும். விதி மட்டும் இல்லை. இப்போது ஆடப்படுவது அறிஞர்களின் ஊகம்.

எழுத்து நிறைய இருந்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்றும் நினைக்கவேண்டாம். பழங்கால விளையாட்டுகளில் அதிகம் எழுதப்பட்டது கிரேக்கர்களின் ஒலிம்பியாப் போட்டி. கி.மு. 776இல் எலிஸ் நகரத்துச் சமையற்காரர் கொரோய்போஸ் ஓட்டத்தில் வென்றார் என்பது பதிவில் உள்ள முதல் வெற்றி. ஓட்டத்தின் நீளம் சுமார் 192 மீட்டர். ஓடுகிறவர்கள் கால்விரலைப் பதித்து நின்ற கல்வரிசை இன்றும் ஒலிம்பியாவில் கிடக்கிறது. கி.மு. 396இல் ஸ்பார்ட்டாவின் கினிஸ்கா என்ற பெண்ணின் தேர் முதலிடம் பெற்றது. பெண்கள் களத்தில் இறங்க முடியாது, ஆனால் தேருக்கு உரிமையாளர்தான் வெற்றியாளர் என்பதால் அவளுக்குப் பட்டம் கிடைத்தது. இவ்வளவு தெரிந்தும், கொரோய்போஸ் எத்தனை விநாடியில் ஓடினார் என்பது தெரியாது. அவர்கள் நேரம் குறிக்கவில்லை. யார் முதலில் வந்தார் என்பதே அவர்களுக்கு முக்கியம்.

நீளந்தாண்டுதல் இன்னும் புதிர். குரோட்டன் நகரத்து ஃபைலோஸ் 55 அடி தாண்டினார் என்று ஒரு பழைய கவிதை சொல்கிறது. அது 16 மீட்டருக்கும் மேல். இன்றைய உலகச் சாதனை 1991இல் மைக் பவல் தாண்டிய 8.95 மீட்டர். அப்படியானால் ஃபைலோஸ் பொய்யா? கிரேக்கர்கள் கையில் எடைக்கல்லைப் பிடித்துத் தாண்டினார்கள் என்று பானை ஓவியங்கள் காட்டுகின்றன. ஒரே தாண்டல் அல்ல, விடாமல் ஐந்து முறை தாண்டியது என்று சிலர் சொல்கிறார்கள். கவிதை மிகைப்படுத்துகிறது என்று வேறு சிலர். பெயர் தெரிகிறது, அளவு தெரிகிறது, கல்லும் கையில் இருக்கிறது. விதி தொலைந்ததால் அந்த 55 அடி அந்தரத்தில் நிற்கிறது.

அடுத்தது எனக்கு மிகவும் நெருக்கமான ஒன்று. என் அப்பா ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. மரத்தின் வெட்டில் காய்ந்து ஒட்டிக்கொண்ட ஒட்டுப்பாலை இழுத்து இழுத்துச் சுற்றிப் பந்து செய்வார்களாம். தரையில் அடித்தால் கூரை வரை எழும்பும் என்பார். மெக்சிகோ நாட்டின் வெராகுரூஸ் பகுதியில் எல் மனாத்தி என்ற சதுப்புநிலத்தில் ரப்பர் பந்துகள் கிடைத்தன என்று படித்தபோது எனக்கு அப்பாதான் நினைவுக்கு வந்தார். அந்தப் பந்துகளின் காலம் சுமார் கி.மு. 1600. சேறு அவற்றைக் கெடாமல் காத்திருக்கிறது.

அவர்கள் பால் எடுத்த மரம் வேறு. நம் தோட்டங்களுக்குப் பிரேசிலிலிருந்து வந்த மரம் வேறு. ஆனால் சிக்கல் ஒன்றுதான்: பாலை அப்படியே உலரவிட்டால் பிசுபிசுக்கும், பிறகு உடையும். தோட்டத்துக் கொட்டகையில் பாலை உறைய வைக்க ஆசிட் ஊற்றுவார்கள். மெக்சிகோவில் இரவில் வெள்ளையாகப் பூக்கும் ஒரு கொடியின் சாற்றைக் கலந்தார்கள். நம் சர்க்கரைவள்ளிக் கொடியின் இனம் அது. அந்தச் சாறு சேர்ந்தால் ரப்பருக்குத் துள்ளல் கூடுகிறது என்று ஆய்வுக்கூடத்தில் செய்தே பார்த்திருக்கிறார்கள். சார்ல்ஸ் குட்இயர் கந்தகம் சேர்த்து ரப்பரைப் பக்குவப்படுத்தியது 1839இல். அதற்கு மூவாயிரம் ஆண்டுக்கும் முன்பே பந்தாட்டத்துக்காக ஒரு சமூகம் வேதியியலைக் கண்டுபிடித்திருக்கிறது.

அந்தப் பந்தை இடுப்பால் அடித்து ஆடினார்கள். மெக்சிகோவின் மாயா நகரமான சீச்சென் இட்சாவில் உள்ள பெரிய ஆடுகளம் 168 மீட்டர் நீளம். ஸ்பானியர் வருமுன் மெக்சிகோவில் ஆண்ட அஸ்டெக் அரசுக்கு ஒரு மாகாணம் கட்டவேண்டிய கப்பத்தில் 16,000 ரப்பர் உருண்டைகள் இருந்தன என்று ஓர் ஏடு காட்டுகிறது. அந்த அரசை வீழ்த்திய ஸ்பானியத் தளபதி கோர்ட்டெஸ் 1528இல் சில ஆட்டக்காரர்களை ஸ்பெயினுக்கு அழைத்துப்போனபோது, துள்ளும் பந்தை ஐரோப்பியர்கள் வாய்பிளந்து பார்த்தார்கள். பிறகு ஸ்பானிய ஆட்சி அந்த ஆட்டத்தை ஒடுக்கியது. ஆனாலும் வடமேற்கே சினலோவா மாநிலத்துச் சிற்றூர்களில் ‘உலாமா’ என்ற பெயரில் இடுப்புப் பந்தாட்டம் அழியாமல் இருந்தது. இன்றும் ஆடுகிறார்கள். எழுத்து இல்லை, கல்வெட்டு இல்லை. அப்பா பிள்ளைக்குச் சொன்னார், அவ்வளவுதான். ஆய்வாளர்கள் இப்போது அந்த ஊர்களுக்குப் போய், ஆடுகிறவர்களைப் பார்த்துத்தான் பழைய சிற்பங்களைப் புரிந்துகொள்கிறார்கள்.

நம் மண்ணிலும் இப்படி ஒன்று இருக்கிறது. பிரம்புப் பந்தைக் காலால் உதைக்கும் சேப்பாக் ராகா மலாக்கா சுல்தான்கள் காலத்திலேயே இருந்தது. மலாய் வரலாற்று ஏடான செஜாரா மெலாயுவில் அதைப் பற்றிய நிகழ்ச்சி வருகிறது. அந்த ஆட்டத்தில் வலை கிடையாது, எதிரணி கிடையாது. வட்டமாக நின்று, பந்து தரையில் விழாமல் எல்லாரும் சேர்ந்து காப்பாற்றுவார்கள். இருபதாம் நூற்றாண்டில் நடுவில் வலை வந்தது. 1965இல் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டியில் அது இடம்பெற்றது. உதை என்ற மலாய்ச் சொல்லும் பந்து என்ற தாய்லாந்துச் சொல்லும் சேர்ந்து ‘சேப்பாக் தக்ரோ’ ஆயிற்று. அப்போது பந்து அதே பிரம்புப் பந்து. ஆட்டம் வேறு. அறுநூறு ஆண்டு கழித்து யாராவது தோண்டி ஒரு பிரம்புப் பந்தை எடுத்தால், இந்த இரண்டில் எது என்று எப்படிச் சொல்வார்கள்?

இதையெல்லாம் சொல்லி முடித்த பிறகு தம்பி மகன் பல்லாங்குழிக்கே திரும்பி வந்தான். “அப்போ பாட்டி சரியா, மக்சிக் சரியா?”

இருவரும் சரி. குழியில் வித்து இட்டுச் சுற்றும் ஆட்டங்கள் ஆப்பிரிக்கா, அரபு நாடுகள், இந்தியா, இலங்கை, மலாய்த் தீவுகள் எங்கும் உண்டு. ஒவ்வொரு ஊரும் தன் விதியை வைத்திருக்கிறது. சொங்காக்கில் பக்கத்துக்கு ஏழு குழி, முனையில் ஆளுக்கு ஒரு வீடு. கடைசிக் காய் விழுந்த குழியில் ஏற்கெனவே காய் இருந்தால், அந்தக் குழியையே அள்ளித் தொடரவேண்டும். பல்லாங்குழியில் கடைசிக் காய் விழுந்த குழிக்கு அடுத்த குழியை அள்ளவேண்டும். இந்த ஒரு குழி வித்தியாசத்தில் கணக்கே மாறிவிடும்.

மறுநாள் அவனிடம் ஒரு நோட்டுப்புத்தகத்தைக் கொடுத்து, அம்மா சொல்லச் சொல்ல எழுதச் சொன்னேன். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. வலப்பக்கமாகச் சுற்றவேண்டும். அடுத்த குழி காலியாக இருந்தால், அதை விரலால் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம்; அத்தோடு ஆட்டம் கைமாறும். எந்தக் குழியில் நான்கு சேர்ந்தாலும் அது ‘பசு’, குழிக்காரர் எடுத்துக்கொள்வார்.

சுங்கை பட்டாணியில் இருக்கும் பெரியம்மாவிடம் சரிபார்க்கலாம் என்று போன் போட்டோம். “நாலா? யாரு சொன்னா? எங்க லயத்துல ஆறு சேர்ந்தாத்தான் பசு” என்றார். அம்மா போனை வாங்கிக்கொண்டு அரைமணி நேரம் வாதாடினார். இரண்டு பேரும் ஒரே தாயிடம் கற்றவர்கள்.

அவன் இரண்டு விதியையும் எழுதிவைத்தான். ஒவ்வொன்றின் கீழும் சொன்னவர் பெயர், ஊர், தேதி. இட்டி-மர்துக்-பலாட்டு களிமண்ணில் தன் பெயரைப் போட்டதுபோல் கடைசி வரியில் தன் பெயரையும் போட்டுக்கொண்டான்.